பவளமும் கன்சீலரும்

என் இரண்டு தொடைகளின் உள்பக்கத்திலும், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்திருக்கும். புதிதாக வரும் மேக்கப் அக்கா யாராக இருந்தாலும் முதல் நாள் அதைப் பார்த்ததும் கையிலிருக்கும் பிரஷ் நின்றுவிடும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையாம்மா?" என்பார். "இல்லக்கா, சேணம் உரசி வந்தது" என்பேன். நம்பமாட்டார். போனில் என் குதிரை பவளத்தின் மேல் நான் உட்கார்ந்திருக்கும் படத்தைக் காட்டினால்தான் பிரஷ் மறுபடி ஓடும். நீச்சல் உடை ஷூட் என்றால் இந்த இரண்டு இடத்துக்கு மட்டும் கறுப்பை மறைக்கிற கன்சீலர் கால்வாசி டியூப் போகும். அதற்கு நான் தனியாகப் பணம் கொடுத்த நாளும் உண்டு.

எங்கள் வீடு வண்ணாமடைப் பக்கம். பொள்ளாச்சியிலிருந்து வந்தால் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரம். கேரளா என்று போர்டு இருக்கும். டீக்கடையில் எல்லோரும் தமிழில்தான் திட்டிக்கொள்வார்கள். ரேஷன் கார்டு மலையாளம், கல்யாணப் பத்திரிகை தமிழ். இதனால் தொழிலில் எனக்கு ஒரு தமாஷ் உண்டு. கோயமுத்தூரில் ஷூட் என்றால் நான் 'கேரளாப் பொண்ணு', கொச்சிக்குப் போனால் 'தமிழத்தி'. கோயமுத்தூரில் நெற்றியில் சந்தனம் வைத்துவிடுவார்கள். கொச்சியில் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துவிடுவார்கள். முகம் ஒன்றுதான்.

கிளாமர் மாடல் என்று என்னைச் சொல்வதில் எனக்கு வருத்தம் இல்லை. செய்கிற வேலை அதுதான். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிற அளவுக்குக் கிளாமர் அதில் கிடையாது. திருப்பூரில் நைட்டி கேட்டலாக் எடுத்தால் ஒரே நாளில் நாற்பது, ஐம்பது நைட்டி மாற்ற வேண்டும். எதுவுமே என் அளவில் இருக்காது. முன்னால் கச்சிதமாகத் தெரிய, முதுகுப் பக்கம் வரிசையாகக் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள். திரும்பி நின்றால் முள்ளம்பன்றி. காலண்டரில் மழையில் நனைந்த மாதிரித் தெரியும் துளிகள் தண்ணீரில் கிளிசரின் கலந்து அடித்தவை. சும்மா தண்ணீர் என்றால் இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். அந்தப் பிசுபிசுப்போடு ஏசி அறையில் மூன்று மணி நேரம் நின்று பாருங்கள், அதற்குப் பிறகு லாயம் கூட்டுவதெல்லாம் பூப்பறிக்கிற மாதிரி.

குதிரை எனக்கு அம்மா வழியில் வந்தது. அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, பொள்ளாச்சியில் குதிரை வண்டி ஓட்டினவர். வியாழக்கிழமை சந்தைக்கு மூட்டை, ரயிலடிக்கு ஆள் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓட்டி, ஆட்டோக்கள் பெருகிய பிறகு வண்டியை விற்றுவிட்டார். பாட்டி, எங்கள் அமுச்சி, போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். சின்ன வயதில் எனக்கு அவர் கதை சொன்னதே இல்லை. நிலா காட்டி ஊட்டவும் இல்லை. லகானை விரலிடுக்கில் எப்படிப் பிடிப்பது என்று தாவணியின் ஓரத்தைக் கிழித்துக் காட்டுவார். அம்மா சத்தம் போடுவார்.

தத்தமங்கலத்தில் அங்காடி வேலாவுக்குத் தார் ரோட்டில் குதிரை ஓட்டம் நடக்கும். இரண்டு பக்கமும் ஜனம் நெருக்கியடித்து நிற்க, நடுவில் ஒரு சந்து மாதிரி விட்ட இடத்தில் குதிரைகள் பாய்ந்து வரும். ஏழு வயதில் அப்புச்சி தோளில் உட்கார்ந்து முதல் தடவை பார்த்தேன். வெற்று முதுகில் உட்கார்ந்திருந்த பையன்களைப் பார்த்து, "நானும் போறேன்" என்றேன். "நீ ஓட்டு, ஆனா தார் ரோட்ல வேண்டாம். அதுக்குக் குளம்பு வலிக்கும்" என்றார். பொண்ணாயிற்றே என்று சொல்லவில்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

முறையாகக் கற்றுக்கொண்டது மாடலிங் பணம் வந்த பிறகு, கோயமுத்தூரில். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற ராணுவக்காரர். முதல் ஒரு மாதம் நடை மட்டும். ஏறு, இறங்கு, குதிகாலைக் கீழே அழுத்து, முதுகை நிமிர்த்து. ஏறுவது எப்போதும் இடப்பக்கம். வாள் கட்டிய காலத்துப் பழக்கம், இடுப்பில் இடப்பக்கம் வாள் தொங்கினால் அந்தக் காலைத் தூக்கிப்போட முடியாதாம். அடுத்தது டிராட். அதில்தான் தொடை கறுத்தது. குதிரை இரண்டு காலடியில் தட்டித் தட்டிப் போகும்போது நாம் ஒன்றுக்கு எழுந்து ஒன்றுக்கு உட்கார வேண்டும். தாளம் தவறினால் முதுகெலும்பு பற்கள் வரை பேசும். ஷூட்டில் 'முதுகை நேராக்கு, தோளை இறக்கு, கழுத்தை நீட்டு' என்று கத்துகிறார்களே, அந்த மூன்றையும் நான் கற்றுக்கொண்டது குதிரை மேல்தான். கேமராவுக்காகச் செய்தால் நடிப்பு. அங்கே செய்யாவிட்டால் கீழே விழுவோம்.

பவளத்தை வாங்கியது அந்தியூரில். ஆடியில் குருநாதசாமி கோவில் திருவிழாவுக்குக் கூடும் சந்தை, திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடக்கிறது என்பார்கள். நானும் அப்பாவும் அப்புச்சியும் விடிகாலையிலேயே போய்விட்டோம். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரிக் குதிரைகள், கத்தியவார்க் குதிரைகள், சாக்கு போர்த்திய குட்டிகள், பாட்டுக்கு ஆடப் பழக்கிய வெள்ளைக் குதிரைகள். ஆடுகிற குதிரை முன்னால்தான் கூட்டம். அப்புச்சி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "கால் போயிரும்" என்றார், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேப்பமரத்தடியில் அவர் நின்றது செம்பட்டை நிறத்தில், கொஞ்சம் மெலிந்து நின்ற ஒரு பெட்டைக் குதிரை முன்னால். கலப்புதான். தானமாக வந்த மாடா என்ன, பல்லைப் பிடித்துப் பார்க்காமலிருக்க? உதட்டைத் தூக்கிப் பார்த்து, "அஞ்சு முடிஞ்சு ஆறு ஓடுது" என்றார். பால்பல் எல்லாம் விழுந்து முன்வாய் நிரம்புவது ஐந்து வயதில். அதற்கப்புறம் பல்லின் மேலிருக்கும் குழி தேய்வதை வைத்து வயதைச் சொல்வார்கள். நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தார். கண் முன்னால் கையை ஆட்டினார். தரகர் பக்கத்தில் வந்து, "ஏனுங்க பெரியவரே, சுழி பாக்கலீங்களா?" என்றார். உடம்பு முடியில் விழும் சுழியில் ஒன்று இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது போல. அதனால்தான் அது அவ்வளவு நேரமாக விற்காமல் நின்றிருக்கிறது. அப்புச்சி சிரித்தார். "சுழி சுத்தமாப் பாத்து வாங்குனதுதான் என்ற முழங்கால ஒடச்சுது" என்றார்.

துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசினார்கள். என் பணம், என் குதிரை, ஆனால் துண்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது 85,000 என்றார்கள். அதற்குள் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் வந்து, "மேடம், எந்த ஆட் ஷூட்? அந்த வெள்ளைக் குதிரை பக்கத்துல நின்னீங்கன்னா நல்லா இருக்கும்" என்றார்கள். நான் குதிரை வாங்க வந்திருப்பேன் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அப்பா அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா, சங்கடப்பட்டாரா தெரியவில்லை.

வீட்டில் இந்த விஷயம் இன்னும் ஆறாத சோறு மாதிரிதான் இருக்கிறது. ஒரு காலண்டர் வெளிவந்த வருடம் பெரியத்தை எங்கள் வீட்டுப் படியேறுவதை நிறுத்தினார். அம்மா ஒருநாள் பொறுக்காமல், "துணியப் பத்திப் பேசறவங்க கொள்ளு வாங்கித் தருவாங்களா?" என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் பேச்சு குறைந்தது. கூடத்துச் சுவரில் என் படம் ஒன்றே ஒன்று மாட்டியிருக்கிறது: முழுக்கைச் சட்டை, தலையில் ஹெல்மெட், பவளத்தின் மேல் நான். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துப் பெருமையாகப் பேசுவார்கள். பவளம் நின்றுகொண்டிருக்கும் ஷெட்டின் தகரக் கூரை முழுக்க அவர்கள் பார்க்க விரும்பாத படங்களில் வந்த காசு. இதைச் சொல்லிச் சண்டை போடும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. கணக்கு என்றால் கணக்கு. கொள்ளு, கோதுமைத் தவிடு, புல், லாடம் கட்ட கோயமுத்தூரிலிருந்து வருகிறவர், எல்லாம் சேர்த்து மாதம் 12,000க்குக் குறையாது. நைட்டிக் கணக்கில் அது ஒரு நாள் வேலை.

தீனியில் நான் பட்ட பாடு தனி. எல்லோரும் மாட்டுக்குப் போடுவதைப் போடு என்றார்கள். தோட்டத்தில் கோ-4 புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதையே நாள் முழுக்கப் போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து சேராமல் தடுக்கும், நாளாக ஆக முகத்து எலும்பே வீங்கும் என்று கால்நடை டாக்டர் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசை போட்டுச் சமாளிக்கும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் சின்னது. உடம்பு அவ்வளவு பெரிது, வயிறு கோழிக்குஞ்சு மாதிரி.

தென்னந்தோப்புக்குள் ஓட்டுவது நன்றாக இருக்கும் என்று நினைப்பீர்கள். சொட்டுநீர்க் குழாய் காலில் மாட்டும். தேங்காய் எப்போது விழும் என்று குதிரைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ரோட்டைத் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்றில் ஒரு காய்ந்த மட்டை பவளத்துக்குப் பின்னால் தொப்பென்று விழுந்தது. குதிரைக்குக் கண் முகத்தின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். நேர் பின்னால் தெரியாது. அது பக்கவாட்டில் ஒரு எட்டு குதித்தது, நான் இருந்த இடத்திலேயே காற்றில் இருந்தேன். தோள்பட்டை நீலம் பாரித்து, அந்த வாரம் ஒரு ஜாக்கெட் விளம்பரம் போயிற்று. முதுகு திறந்த ஜாக்கெட். கன்சீலரால் முடியாததும் உண்டு.

நான் குதிரை ஓட்டுவேன் என்று தெரிந்ததும் ஒரு நகைக்கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள். வேலு நாச்சியார் கான்செப்ட் என்றார்கள். பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, கையில் பெயின்ட் அடித்த வாள். சந்தோஷமாகப் போனேன். அங்கே வாடகைக்குக் கொண்டுவந்திருந்த வெள்ளைக் குதிரை காலை ஆறு மணியிலிருந்து வெயிலில் நின்றிருந்தது. காது இரண்டும் பின்னால் படுத்திருந்தது. கோபம் என்று அர்த்தம். வாய் ஓரத்தில் புண். கடிவாளத்தை எடுத்துப் பார்த்தால் உள்ளே முள். முள் கடிவாளம் 1965ஆம் வருடத்து விதியிலேயே தடை செய்யப்பட்டது. விளம்பரப் படத்தில் மிருகத்தைக் காட்டுவதற்கு விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியும் வேண்டும். "பேப்பர் இருக்குங்களா சார்?" என்று கேட்டேன். குதிரை போட்டோவுக்குத்தானே, ஓட்டப் போவதில்லையே என்றார்கள். அது மட்டுமில்லை, புடவை கலையாமல் இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு உட்காரச் சொன்னார்கள். 1780இல் சிவகங்கையை மீட்டவர் அப்படி உட்கார்ந்துகொண்டா சண்டைக்குப் போயிருப்பார்? தண்ணீர் வாளியைக் குதிரைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அது குடித்து முடித்த பிறகு நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு ஒரு பெண் அதைச் செய்திருப்பார். குதிரையும் அதேதான் நின்றிருக்கும். அன்று எனக்குப் பஸ் காசும் நஷ்டம்.

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸ்ஸாஜ் என்ற குதிரை நடைப் போட்டியின் அணிப் பிரிவில் இந்தியா தங்கம் வாங்கியது, 41 வருடம் கழித்துக் குதிரையேற்றத்தில் வந்த தங்கம். நாலு பேரில் இரண்டு பேர் பெண்கள். தலையில் ரோலர் சுற்றிய நிலையில் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். ஆண், பெண் என்று தனித்தனியாகப் பிரிக்காத விளையாட்டு இது. கண் மை கலைந்து திட்டு வாங்கினேன்.

போன வருடம் ஆடி கடைசியில் திருச்சூரில் ஓண விளம்பர ஷூட். செட்டு முண்டு, முல்லைப்பூ, பச்சைக்கல் பாலக்காமாலை. உடம்பு முழுக்க மூடிய ஷூட் எனக்கு அபூர்வம் என்பதால் அம்மா பத்து பேருக்குச் சொல்லி வைத்திருந்தார். முந்தின ராத்திரி பத்து மணிக்குத் தம்பி ஓடிவந்தான். பவளம் கொள்ளைத் தொடவில்லை. முன்காலால் தரையைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறது. நான் போவதற்குள் படுத்துப் புரள ஆரம்பித்திருந்தது. பக்கத்துக் காட்டில் கடலை பிடுங்கியிருந்தார்கள். பச்சைக் கடலைக்கொடியைப் பாசத்தில் ஒரு கட்டு முழுக்கப் போட்டிருக்கிறான் தம்பி. அவனைத் திட்டக்கூட நேரமில்லை.

அப்புச்சி விலாவில் காதை வைத்துக் கேட்டார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "சத்தமே இல்ல அம்முணி" என்றார். நல்ல குதிரையின் வயிறு எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியே வர வேண்டும், வராவிட்டால் வயிறே வெடித்துவிடலாம். வயிற்றுவலி என்பது நமக்கு ஒரு இஞ்சிக் கஷாயம். அதற்கு உயிர்.

டாக்டர் வர பன்னிரண்டரை ஆனது. மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் படித்தவர், மலையாளி, சின்ன வயது. நாடித்துடிப்பு எண்ணினார்: 64. சும்மா நிற்கும் குதிரைக்கு நாற்பதைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார். காற்று வந்த நாற்றத்தை எழுத முடியாது. லிக்விட் பாரஃபின் ஊற்றி, வலிக்கு ஊசி போட்டார். என் முகத்தைப் பார்த்து, "பேடிக்கண்டா, காலத்து பிண்டம் இட்டால் ரட்சப்பெட்டு" என்றார். காலையில் லத்தி போட்டால் தப்பித்தது என்று அர்த்தம். அப்புறம் புரளாமல் பார்த்துக்கொள்ள, அப்பா ஒரு மணி நேரம், நான் ஒரு மணி நேரம் என்று களத்தில் நடத்திக்கொண்டே இருந்தோம். அத்தனை வருடத்தில் அப்பா லகானைக் கையில் பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாலு மணிக்கு நான் கிளம்ப வேண்டும். வரமுடியாது என்று போன் போடப்போனேன். அப்புச்சி கட்டிலில் உட்கார்ந்தபடியே, "நீ இங்க இருந்துட்டு லத்தியா போடப் போற? போ அம்முணி. டாக்டருக்குக் காசு யாரு குடுப்பா?" என்றார்.

போனேன். கண்ணுக்குக் கீழே இரண்டு பை. மேக்கப் அக்கா ஐஸ் வைத்து அழுத்தி, ஆரஞ்சு கரெக்டர் போட்டு, அதன் மேல் கன்சீலர் போட்டுச் சரிக்கட்டினார். முண்டு மடிப்பும் பூவும் எல்லாம் சரி. சிரிப்பு மட்டும் வரவில்லை. போட்டோகிராபர் ஊஞ்சலை ஆட்டிப் பார்த்தார், ஜோக் சொல்லிப் பார்த்தார், காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டார். முகத்தில் சிரிப்பைக் கொண்டுவருவது என் தொழில். பல்லைக் காட்ட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்கு அது ஏறவில்லை, அதை லென்ஸ் விடாது.

பதினொன்று இருபதுக்கு என் போனைப் பிடித்திருந்த அசிஸ்டென்ட் பெண், "சேச்சி, இதென்னா?" என்று முகத்தைச் சுளித்தாள். ஃப்ரேமுக்கு வெளியே நின்று திரையை என் பக்கம் திருப்பினாள். தம்பி அனுப்பிய போட்டோ. களத்து மண்ணில் பச்சையாக, உருண்டை உருண்டையாக, எண்ணெய் பளபளக்க ஒரு குவியல் லத்தி. பக்கத்தில் அளவுக்காக அப்புச்சியின் செருப்பு.

அப்போது கிளிக் ஆனதுதான் அந்தப் படம். சித்தூர் ரோட்டில் ஓணம் முடிந்து இரண்டு மாதம் வரை நின்றிருந்தது, இரண்டு மாடி உயரத்துக்கு. பெரியத்தை அதைப் பார்த்துவிட்டு, அத்தனை வருடத்துக்கு அப்புறம் வீட்டுக்கு வந்தார். "இந்த மாதிரி லட்சணமாச் சிரிச்சா என்ன, மத்ததுலயும்?" என்று கேட்டார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். தம்பி ஓடியே போய்விட்டான்.

அப்புச்சியை ஸ்கூட்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். எதிர்ப்பக்கத்துப் பேக்கரி வாசலில் நின்று, கண்ணுக்கு மேல் கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்பப் புடிச்சது?"

"பவளத்துக்கு வயித்து நோவு வந்துச்சே, மறுநாள் காலையில."

"அதானே பாத்தேன்" என்றார். அப்புறம் பேக்கரிக்காரரிடம் திரும்பி, சர்க்கரை கம்மியாக ரெண்டு டீ சொன்னார்.